பொதியைச் சோதிப்பதும் பிறப்பைச் சோதிப்பதும்

மலைகள் சூழ்ந்த கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்வோர்க்கு வழிச்சோதனை புதிதன்று. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய மூன்று மலைவழிகளிலும் சோதனைச் சாவடிகள் உள்ளன. ஏலத் தோட்டங்களுக்கு ஜீப்புகளில் கூலி வேலைக்குச் செல்லும் பெண்களும், சரக்கு ஏற்றிச் செல்லும் வணிகர்களும் அவற்றைக் கடந்தே கேரளம் செல்கின்றனர். இப்பள்ளத்தாக்கின் பிள்ளைகள் இன்று மதுரையிலேயே விமானம் ஏறி வளைகுடா நாடுகளுக்கும் போகின்றனர். பெல்ட்டைக் கழற்றி, கைப்பையைப் பொறியின் வாயில் வைத்து, கைகளை விரித்து நிற்பது அவர்களுக்குப் பழகிப்போன காரியம். சோதனை என்னும் சொல் ஒன்றே. ஆயினும், எதைச் சோதிக்கிறார்கள், எக்காரணம் பற்றிச் சோதிக்கிறார்கள் என்று பிரித்துப் பார்த்தாலன்றி அதன் நியாயமும் அநியாயமும் விளங்கா. அவ்வாறு பிரித்தறிவதற்கு இப்பகுதியின் வரலாறே நமக்குப் போதிய பாடம் தருகிறது.

திருவிதாங்கூர் தனி அரசாக இருந்த காலத்தில், மலைவழிகளில் சவுக்கைகள் இருந்தன. பொதிமாடுகளில் வந்த சரக்கை அங்கே பிரித்துப் பார்ப்பர், தீர்வை வாங்குவர், பின்னர் வழி விடுவர். 1865 ஆம் ஆண்டு ஆங்கில அரசுக்கும் திருவிதாங்கூர், கொச்சி அரசுகளுக்கும் இடையே ஏற்பட்ட வாணிப உடன்படிக்கையால், பல சரக்குகளின் மீதிருந்த எல்லைத் தீர்வை நீங்கிற்று. சவுக்கையில் தொல்லை இல்லாமற் போகவில்லை. எனினும் அங்கே கேட்கப்பட்ட கேள்வி ‘உன் பொதியில் என்ன இருக்கிறது?’ என்பதே. அதற்கு விடையளித்தபின் பொதிக்காரன் தலை நிமிர்ந்து நடக்கலாம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதனினும் வேறான ஒரு சோதனை மதுரைச் சீமையில் புகுந்தது. இன்றைய தேனி மாவட்டம் முழுவதும் அக்காலத்தில் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்ததே. வடநாட்டில் 1871 இல் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911 இல் சென்னை மாகாணத்திற்கும் உரியதாக விரிவாக்கப்பட்டது. 1914 இல் மதுரையை அடுத்த கீழக்குயில்குடியில் தொடங்கி, சில ஆண்டுகளுக்குள் பிரமலைக் கள்ளர் வாழ்ந்த ஊர்கள் பலவற்றிலும் இச்சட்டம் பாய்ந்தது. வயது வந்த ஆண்களின் கைரேகைகள் பதிவு செய்யப்பட்டன. அதனால் மக்கள் நாவில் அது ‘கைரேகைச் சட்டம்’ ஆயிற்று. பதியப்பட்டவன் இரவில் குறித்த இடத்தில் தன் இருப்பைக் காட்ட வேண்டும். வெளியூர் செல்வதாயின் அதிகாரியிடம் சீட்டுப் பெற்றே செல்ல வேண்டும். சந்தைக்குப் போகிறவனுக்கும், உறவினர் வீட்டு மையத்துக்குப் போகிறவனுக்கும் இதுவே விதி.

அச்சீட்டை மக்கள் ‘ராதாரிச் சீட்டு’ என்றனர். இச்சொல்லின் வரலாறு கருதத்தக்கது. பாரசீக மொழியில் ‘ராஹ்’ என்றால் வழி. ‘ராஹ்தார்’ என்றால் வழிகாவலர். ‘ராஹ்தாரி’ என்பது முகலாயர் காலத்தில் சாலைகளில் சரக்கின் மீது வாங்கப்பட்ட சுங்கத்தின் பெயர். மக்களுக்குச் சுமையாக இருந்த அவ்வரியை நீக்குமாறு ஔரங்கசீப் தம் ஆட்சியின் தொடக்க ஆண்டுகளில் ஆணையிட்டார். சரக்கைப் பற்றிய ஒரு சொல், சில நூற்றாண்டுகளுக்குள் மனிதனின் பிறப்பைப் பற்றிய சொல்லாக மாறிவிட்டது! சவுக்கைக்காரன் ‘என்ன கொண்டுவருகிறாய்?’ என்று கேட்டான். ராதாரிச் சீட்டோ ‘நீ யார் மகன்?’ என்று கேட்டது. முன்னதற்குப் பொதியை அவிழ்த்து விடை கூறலாம். பின்னதற்கு எதை அவிழ்த்துக் காட்டுவது?

இந்த அவமதிப்பை மக்கள் வாய்மூடி ஏற்கவில்லை. உசிலம்பட்டிப் பகுதியைச் சேர்ந்த பெருங்காமநல்லூர் மக்கள் கைரேகை வைக்க மறுத்தனர். 1920 ஏப்ரல் 3 ஆம் நாள் அங்கே காவலர் சுட்டதில் மாயக்காள் என்னும் பெண் உட்பட 16 பேர் மாண்டனர். அவர்களுக்கான நினைவுத்தூணை அவ்வூரில் இன்றும் காணலாம். பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் முதலான தலைவர்கள் இச்சட்டத்தை எதிர்த்துப் பல்லாண்டு போராடினர். சென்னை மாகாணத்தில் 1947 இல் இச்சட்டம் நீங்கிற்று. 1952 ஆகஸ்ட் 31 இல் நாடு முழுவதும் ஒழிந்தது. நம் அண்டை வீட்டாரின் பாட்டனார்கள் பட்ட துயரம் இது. இதை அவர்களுடைய வரலாறு என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. ஏன் என்பதை விமான நிலையத்தின் வரலாறு காட்டும்.

விமானப் பயணத்திற்குச் சோதனை தேவை என்பதை மறுப்பார் இல்லை. 1971 ஜனவரியில் ‘கங்கா’ என்னும் இந்திய விமானம் லாகூருக்குக் கடத்தப்பட்டது. 1973 ஜனவரியில் அமெரிக்கா தன் விமானப் பயணிகள் அனைவரையும் சோதிக்கத் தொடங்கியது. 1984 ஆகஸ்ட் 2 இரவு, சென்னை மீனம்பாக்கத்தில் பயணி ஏறாது விட்டுச்சென்ற பெட்டிகளில் இருந்த குண்டு வெடித்துச் சுமார் 30 பேர் மாண்டனர். மறு ஆண்டு ஜூன் 23 இல் ‘கனிஷ்கா’ விமானம் அட்லாண்டிக் கடலின் மேல் வெடித்து 329 பேர் உயிரிழந்தனர். 1999 டிசம்பரில் காட்மாண்டிலிருந்து புறப்பட்ட இந்திய விமானம் காந்தஹாருக்குக் கடத்தப்பட்டது. அதன்பின் நம் விமான நிலையங்களின் காவல் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையிடம் ஒப்படைக்கப்படலாயிற்று. இவற்றை எண்ணிப் பார்ப்பவர், தம் பெட்டியை ஒருவர் திறந்து பார்க்கிறார் என்பதற்காகச் சினங்கொள்ளமாட்டார். பொறியின் முன் செல்வரும் வறியவரும், ஹாஜியாரும் சாஸ்திரியாரும் ஒரே வரிசையில் நிற்கும்வரை அது பொதியைச் சோதிக்கும் சவுக்கையே ஆகும்.

2001 செப்டம்பர் 11 க்குப் பின் அமெரிக்காவில் பழைய ராதாரிச் சீட்டு புதுவேடம் பூண்டது. 2002 இல் அந்நாடு சிறப்புப் பதிவு முறை ஒன்றைக் கொணர்ந்தது. 25 நாடுகளைச் சேர்ந்த, 16 வயது நிரம்பிய ஆண்கள் அலுவலகத்திற்கு நேரில் வந்து கைரேகை பதிக்க வேண்டுமென ஆணை பிறந்தது. அவற்றுள் வடகொரியா ஒன்று நீங்கலாக ஏனைய 24 உம் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகள். 80,000 க்கு மேற்பட்டோர் அவ்வாறு பதிந்தனர். பயங்கரவாதி என்று தண்டிக்கப்பட்டவர் அவர்களுள் ஒருவரும் இலர். 2011 இல் அம்முறை நிறுத்தப்பட்டது. 2016 இல் விதியும் நீக்கப்பட்டது. கைரேகை, பிறந்த இடம், வயது வந்த ஆண் என்னும் அளவுகோல்கள் அனைத்தும் பெருங்காமநல்லூர் மக்கள் கண்டவையே.

நம் இராமேசுவரத்தில் பிறந்த ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்கள் 2009 ஏப்ரலில் தில்லியில் அமெரிக்க விமானமொன்றில் ஏறச் சென்றபோது, காலணியைக் கழற்றச் செய்து சோதித்தனர். இந்திய விதிப்படி முன்னாள் குடியரசுத் தலைவர் சோதனைக்கு விலக்கானவர். செய்தி வெளிப்பட்டதும் நாடாளுமன்றத்தில் கண்டனம் எழுந்தது. விமான நிறுவனம் மன்னிப்புக் கோரியது. 2011 செப்டம்பரில் நியூயார்க்கில், விமானத்தில் அமர்ந்துவிட்ட அவருடைய மேலங்கியையும் காலணியையும் வாங்கிச் சென்று சோதித்தனர். அதற்கும் அமெரிக்க அரசு வருத்தம் தெரிவித்தது. அப்பெரியார் இரண்டு முறையும் அமைதியாகவே நடந்துகொண்டார்.

அன்று நாம் எழுப்பிய கண்டனத்தில் ஒரு குறை உண்டு. ‘இத்தகைய பெரியவரையா சோதித்தார்கள்?’ என்றே யாவரும் கேட்டோம். பெரியவருக்கு விலக்குக் கேட்பது எளிது. அவருக்காக மன்னிப்புக் கடிதமும் வரும். ஆனால், அதே பெயரைத் தாங்கிய ஓர் எளிய கொத்தனாரை வரிசையிலிருந்து தனியே அழைத்து, விமானம் புறப்படும்வரை நிறுத்தி வைத்தால் யார் கேட்பார்? அவருக்காக எந்த மன்றமும் கூடாது. ஒரு முறை தவறிய பயணத்தால் வேலை போகும். வாங்கிய கடன் நிற்கும். பிறப்பைச் சோதிக்கும் முறையின் முழுப்பாரமும் பெயரறியாத அந்தப் பயணியின் தலைமீதே விழுகிறது. ஆதலின் நாம் கேட்க வேண்டியது விலக்கு அன்று, சமன்மையே.

திருமறையின் ‘அல்ஹுஜுராத்’ அத்தியாயத்தில் இரண்டு வசனங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. 12 ஆவது வசனம் வீண் சந்தேகத்தையும், பிறர் குறையைத் துருவி ஆராய்வதையும் விலக்குகிறது. 13 ஆவது வசனம் மனிதர் குலங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்றும், மேன்மை இறையச்சத்தினால் வருவதே என்றும் உணர்த்துகிறது. சந்தேகத்தைத் தடுத்த உடனேயே பிறப்பின் பெயரால் வரும் ஏற்றத்தாழ்வையும் தகர்த்திருப்பது சிந்திக்கத்தக்கது. பிறப்பைக் கொண்டு மனிதரைப் பிரிக்கும் மனமே, பிறப்பைக் கொண்டு சந்தேகிக்கவும் துணிகிறது.

இக்கொள்கை நமக்கு நேரும் துன்பத்திற்கு மட்டும் உரியதன்று. நம் தெருவுக்கு வேலை தேடிவரும் வெளிமாநிலத்தானை அவன் முகத்தைக் கொண்டே நாம் ஐயுறும்போது, நம் கையிலும் ஒரு ராதாரிச் சீட்டு இருக்கிறது. அதைக் கிழித்தெறிந்தபின்பே, பிறர் நம்மிடம் அதைக் கேட்கலாகாது என்று உரைக்கும் தகுதி நமக்கு உண்டாகும்.