மூலக்கூறு ஆராய்ச்சியும் உதவித்தொகையும்

நியூயார்க் மாநகரத்துக் கொலம்பியாப் பல்கலைக்கழகம் 1927ஆம் ஆண்டில் வழங்கிய டாக்டர் பட்டங்களுள் இரண்டு நம் கவனத்திற்குரியன. ஒன்று, அண்ணல் அம்பேத்கர் பொருளாதாரத்தில் பெற்ற பட்டம். 1913இல் பரோடா மன்னர் சயாஜிராவ் கெயிக்வாட் அளித்த உதவித்தொகையைக் கொண்டு அங்குச் சென்று பயின்றதன் பயன் அது. அவ்வரலாறு நம் இல்லத்துச் சிறுவரும் அறிந்ததே. மற்றொன்று, இசிதோர் ஐசக் ராபி என்பார் இயற்பியலில் பெற்றது. அவரைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தேன்.

ராபி 1898இல் அன்றைய ஆஸ்திரியப் பேரரசின் கலீசியாவில் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தார். கைக்குழந்தையாக நியூயார்க்கிற்குக் கொண்டுவரப்பட்டு, நெருக்கடி மிகுந்த வறியோர் குடியிருப்பில் வளர்ந்தார். 1919இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றும் தக்க வேலை கிட்டாமல் மூன்றாண்டுகள் வீணாயின. யூதருக்குக் கல்லூரி ஆசிரியப் பதவி அரிதாயிருந்த காலம் அது. பின்னர் ஒரு கல்லூரியில் பகுதிநேர ஆசிரியராக இருந்துகொண்டே கொலம்பியாவில் ஆராய்ச்சி செய்தார்.

படிகங்களின் காந்தத் தன்மையை அளப்பது அவர் எடுத்துக்கொண்ட பொருள். படிகத்தைப் பல திசைகளில் நுணுக்கமாக அறுத்து அளப்பது வழக்கம். ராபியோ படிகத்தைக் கண்ணாடி இழையில் கட்டி ஒரு கரைசலில் தொங்கவிட்டார். கரைசலின் காந்தத் தன்மை படிகத்தினதற்குச் சமமானதும், காந்தத்தை இயக்கினாலும் நிறுத்தினாலும் படிகம் அசையவில்லை. உழைப்பு குறைந்தது, துல்லியம் கூடிற்று. நம் வத்திராயிருப்புப் பகுதியில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் அக்கட்டுரையைப் படித்து, அம்முறையைத் தம் ஆராய்ச்சியில் கையாண்டார் என்பது நாம் மகிழத்தக்க செய்தி.

1927இல் 1,500 டாலர் உதவித்தொகை ஒன்று ராபிக்குக் கிடைத்தது. அதுவே அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பிற்று. ஹாம்பர்க்கில் ஓட்டோ ஸ்டெர்ன், வெற்றிடத்தில் மூலக்கூறுகளை மெல்லிய கற்றையாகச் செலுத்திக் காந்தப் புலத்தில் அவை விலகுவதை அளந்து வந்தார். அக்கலையைக் கற்று 1929இல் ராபி கொலம்பியாவில் ஆசிரியரானார். 1938இல் அவரும் அவர்தம் குழுவினரும் அக்கற்றையின் வழியில் வானொலி அலையின் அதிர்வெண்ணுடைய காந்தப் புலத்தைச் செலுத்தினர். குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணில் கருவியை வந்தடையும் மூலக்கூறுகள் குறைந்தன. அணுக்கருவின் காந்தத் தன்மை அதனால் கணிக்கப்பட்டது. 1944இல் நோபல் பரிசு வந்தது. இன்று மருத்துவமனைகளில் எடுக்கப்படும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இக்கண்டுபிடிப்பின் வழித்தோன்றலே. அவரிடம் டாக்டர் பட்டத்திற்குப் பயின்ற நார்மன் ராம்சே 1989இல் நோபல் பரிசு பெற்றார்.

ஹாம்பர்க் ஆய்வுக்கூடமோ 1933இல் கலைந்தது. இட்லர் அரசு யூத ஆசிரியர்களை விலக்கிய ஆண்டு அது. ஸ்டெர்ன் பதவி துறந்து அமெரிக்கா ஏகினார்.

இனி நம் நிலைக்கு வருவோம். முதல் தலைமுறைப் பட்டதாரியின் இல்லத்தில், ஐந்தாண்டு ஆராய்ச்சி என்றால் ஐந்தாண்டு ஊதியம் போயிற்று என்றே கணக்கிடுவர். வறுமை கற்பித்த கணக்கு அது. பெற்றோரைக் குறை கூறேன். எனினும் ஆராய்ச்சி மாணவருக்கு மாதந்தோறும் தொகை உண்டு என்பதையும் அக்கணக்கில் சேர்த்தல் வேண்டும். இயற்பியலோ வேதியியலோ எம்.எஸ்ஸி. பயின்றவர் 'நெட்' தேர்வின் வாயிலாக இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை பெறலாம். பட்டியல் சாதியினர்க்கென 2005ஆம் ஆண்டுத் திட்டத்தில் தொடங்கிய தேசிய உதவித்தொகை தனியே உள்ளது. அயல்நாடு செல்வோர்க்கும் மத்திய அரசின் உதவித்தொகை உண்டு. சென்னை ஐ.ஐ.டி., பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடம் ஆகியவற்றில் மூலக்கூறுகளைப் பற்றிய பரிசோதனைகள் நடைபெறுகின்றன. இவை நம் பிள்ளைகளுக்கும் உரிய இடங்களே. நெட் உதவித்தொகைக்கான வயது வரம்பில் நமக்கு ஐந்தாண்டுத் தளர்வு உண்டு. எம்.எஸ்ஸி. இறுதியாண்டிலேயே தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம். பட்டம் கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை.