வேகப்பந்து வீச்சும் முதுகெலும்பும்: உடல் திரும்பும்போது நடப்பது என்ன?

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் 1994ஆம் ஆண்டு பிறந்தவர் வேகப்பந்து வீச்சாளர் கைல் ஜேமிசன். ஆறு அடி எட்டு அங்குல உயரம் கொண்ட இவர், 2021 ஜூன் மாதம் இந்தியாவுக்கு எதிரான உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதியாட்டத்தில் ஏழு விக்கெட்டுகளை வீழ்த்தி ஆட்ட நாயகனாகத் தேர்வானார்.

அடுத்த ஆண்டே இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தின்போது அவரது கீழ்முதுகு எலும்பில் நுண்முறிவு ஏற்பட்டது. 2022 டிசம்பரில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணி அவரை ஒரு கோடி ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தது. ஆனால் 2023 பிப்ரவரியில் காயம் மீண்டும் தலைதூக்க, அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. அந்த ஐபிஎல் பருவத்தில் அவர் ஒரு பந்துகூட வீசவில்லை. 2024 பிப்ரவரியில் மறுபடியும் முதுகில் முறிவு கண்டறியப்பட்டது.

வலிமையான தசைகள் கொண்ட ஒரு விளையாட்டு வீரரின் எலும்பு மீண்டும் மீண்டும் முறிவது ஏன்? உடல் திரும்பும் விதத்தில் இதற்கான விடையின் பெரும்பகுதி உள்ளது.

எதிரெதிர்ப் பக்கங்களின் கூட்டணி

உடலை இடப்புறம் திருப்புவது இடப்புறத் தசைகளின் வேலை மட்டும் என்று நாம் எண்ணக்கூடும். உண்மை அதுவல்ல. வயிற்றின் இரு பக்கங்களிலும் சாய்வான தசைகள் இரண்டு அடுக்குகளாக உள்ளன. மேலடுக்கின் இழைகள் விலா எலும்புகளிலிருந்து முன்னோக்கிக் கீழிறங்குகின்றன. உள்ளடுக்கின் இழைகள் இடுப்பெலும்பிலிருந்து முன்னோக்கி மேலேறுகின்றன.

உடல் இடப்புறம் திரும்பும்போது, வலப்பக்க மேலடுக்கும் இடப்பக்க உள்ளடுக்கும் ஒரே நேரத்தில் சுருங்குகின்றன. வயிற்றின் நடுக்கோட்டைக் கடந்து, வலப்பக்க விலாவிலிருந்து இடப்பக்க இடுப்பு வரை குறுக்காக இழுக்கப்படும் ஒரே கயிறு போல இவ்விரண்டும் இயங்குகின்றன.

ஆனால் இத்தசைகள் உடலைத் திருப்புவதோடு நிற்பதில்லை. முன்னோக்கி வளைக்கவும் செய்கின்றன. அந்த வளைவைத் தடுக்க முதுகெலும்பை ஒட்டிய நீண்ட தசைகள் பின்னோக்கி இழுக்கின்றன. முள்ளெலும்புகளை ஒன்றோடொன்று பிணைக்கும் சிறு தசைகளும், வயிற்றை இடுப்புப் பட்டை போலச் சுற்றியுள்ள ஆழ்ந்த குறுக்குத் தசையும் நடுவுடலை இறுக்கிப் பிடிக்கின்றன. ஆக, திருப்பும் தசைகளைப் போலவே தாங்கும் தசைகளும் இன்றியமையாதவை.

சுமை எங்கே விழுகிறது?

கீழ்முதுகு அதிகம் திரும்பக்கூடியதல்ல. அங்குள்ள ஒவ்வோர் இணைப்பும் ஒரு பக்கம் ஏறத்தாழ இரண்டு பாகை அளவே திரும்பும். எஞ்சிய திருப்பம் மார்புப் பகுதி முதுகெலும்பிலிருந்தும் இடுப்பு மூட்டுகளிலிருந்தும் வரவேண்டும்.

வேகப்பந்து வீச்சாளரின் முன்கால் தரையில் ஊன்றும் கணத்தில், உடல் எடையைப் போல் ஐந்து மடங்கும் அதற்கு மேலும் விசை மேலெழுகிறது. அதே நொடிப்பொழுதில் முதுகு பின்வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, திரும்பவும் செய்கிறது. வலக்கை வீச்சாளருக்கு இந்தச் சுமை பெரும்பாலும் இடப்பக்கக் கீழ் முள்ளெலும்பின் பின்புறத்தில் உள்ள மெல்லிய எலும்புப் பாலத்தின் மீது குவிகிறது. முறிவுகள் மிகுதியாகக் காணப்படுவதும் அங்கேதான்.

ஒரு பந்தால் எலும்பு முறிவதில்லை. ஒவ்வொரு பந்தும் நுண்ணிய சேதத்தை உண்டாக்குகிறது. ஓய்வு கிடைத்தால் எலும்பு அதைச் சரிசெய்துகொள்கிறது. ஓய்வு குறைந்தால் சேதம் சேர்ந்துகொண்டே போகிறது. களைப்புற்ற தசைகள் உரிய கணத்தில் உடலை இறுக்கிப் பிடிக்கத் தவறினால் எலும்பின் பங்கு மேலும் கூடுகிறது. நியூசிலாந்தின் ஷேன் பாண்ட், அந்நாட்டிலேயே 2023ஆம் ஆண்டு முதுகு அறுவை சிகிச்சை செய்துகொண்ட இந்தியாவின் ஜஸ்பிரித் பும்ரா ஆகியோரும் இத்தகைய முறிவுகளால் நீண்ட காலம் ஆட்டத்தை இழந்தவர்களே.

இளையோருக்கு என்ன பாடம்?

கீழ்முதுகு எலும்புகள் முழு உறுதி பெற இருபது வயதுக்குப் பின்னரும் சில ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் பள்ளி அணி, சங்க அணி, பயிற்சிக்கூடம் என ஒரே வாரத்தில் மூன்று இடங்களில் பந்து வீசும் சிறுவர்களை ஆக்லாந்திலும் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் காணலாம். ஒவ்வோர் இடத்திலும் ஓவர்கள் குறைவாகத் தோன்றலாம். மொத்தக் கணக்கை வைத்திருப்பவர் பெரும்பாலும் எவருமில்லை.

வயிற்றுத் தசையைப் புடைக்கச் செய்யும் பயிற்சி மட்டும் இதற்குத் தீர்வாகாது. முதுகு, இடுப்பு, தொடை ஆகியவற்றின் தசைகளும் சேர்ந்து வலுப்பெற வேண்டும். வீசும் பந்துகளின் எண்ணிக்கை படிப்படியாகவே உயர வேண்டும். கீழ்முதுகில் ஒரு பக்கமாக வலி தோன்றி, பந்து வீசும்போதோ பின்னால் வளையும்போதோ அதிகரித்தால் அதைத் தசைப்பிடிப்பு என்று ஒதுக்கிவிடக் கூடாது. முழு முறிவாக மாறுமுன்பே எலும்பின் அழற்சியை எம்ஆர்ஐ ஸ்கேன் காட்டிவிடும். அந்தக் கட்டத்தில் பந்து வீச்சை நிறுத்தினால் சில மாத ஓய்வே போதுமானதாக இருக்கலாம்.