குதியுயர்ந்த சப்பாத்தும் தலைநிமிர்ந்த மனிதனும்

பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் மாலை வேளையில் நடப்போர், சப்பாத்துக் கடையொன்றில் இக்காட்சியைக் காணலாம். மணமுடிக்கவிருக்கும் இளைஞர் ஒருவர் ஒன்றன்பின் ஒன்றாகச் சப்பாத்துக்களை அணிந்து, கண்ணாடி முன் நின்று, பக்கவாட்டில் திரும்பித் தம் உயரத்தை மதிப்பிட்டுக் கொண்டிருப்பார். கடைக்காரரும் அவர் உள்ளமறிந்தவராய், வெளியே தெரியாவண்ணம் உள்ளே குதியுயர்த்திய ஒரு ஜோடியை மெல்ல எடுத்து நீட்டுவார். “ஓரங்குலம் கூடும், ஒருவருக்கும் தெரியாது” என்பது அவருடைய வாக்குறுதி. இதனைக் கண்டு நகைப்பவர் நகைக்கட்டும், நாம் நகையோம். உத்தியோகம் கேட்டு முதன்முதல் துரை முன் சென்று நின்ற நாளில், ஐந்தடி மூன்றங்குலமே உடைய நாமும் அத்தகைய சப்பாத்தையே அணிந்து சென்றோம் என்பதை மறைப்பானேன்?

உயர்ந்து தோன்ற விரும்பும் ஆடவர்க்குச் சப்பாத்தில் வழிகள் மூன்று. குதி மட்டும் உயர்ந்தது ஒன்று. முன்னும் பின்னும் ஒரே சீராக அடி தடித்தது மற்றொன்று. உள்ளே குதியின்கீழ் மறைத்து வைக்கும் அட்டை மூன்றாவது. குதி உயர உயர உடற்பாரம் முன்பாதத்தின்மீது சாய்கிறது. நெடுநேரம் நின்றால் விரல்களும் கெண்டைக்காலும் நோகும். உள்ளே வைக்கும் அட்டை தடித்ததாயின் குதி சப்பாத்தை விட்டுக் கழன்று வரும். ஆதலின் ஓரங்குலத்தோடு நிற்பதும், கூடுமாயின் சீராகத் தடித்த அடியைக் கொள்வதும் அறிவுடைமை. வாங்குவோர்க்கு இவ்வளவு போதும். ஆனால் ஓரங்குலத்திற்கு மனிதன் ஏன் இவ்வளவு ஏங்குகிறான் என்பதைக் கடைக்காரர் கூறார். சரித்திரமே கூற வேண்டும்.

குதியுயர்ந்த காலணி இன்று மாதர்க்குரியதாய்க் கருதப்படினும், அதனை முதலில் மேனாட்டிற்குத் தந்தவர் பாரசீகத்துக் குதிரை வீரரே. குதிரைமீது எழுந்து நின்று அம்பெய்யும் வீரனுடைய கால் அங்கவடியிலிருந்து நழுவாதிருக்கக் குதி பயன்பட்டது. 1599இல் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் ஐரோப்பிய அரசுகளுக்குத் தூதுக்குழு அனுப்பினார். அக்காலத்தையொட்டி ஐரோப்பியப் பிரபுக்களும் குதியுயர்ந்த காலணியை விரும்பலாயினர். போர்க்களத்துக் கருவி அரண்மனை ஆடம்பரமாயிற்று. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி சிவப்புக் குதியுடைய காலணி அணிந்து நிற்பதை, ரிகோ என்னும் ஓவியர் 1701இல் தீட்டிய படத்தில் இன்றும் காணலாம். சிவப்புக் குதி அரசவையைச் சேர்ந்தோர்க்கே உரிய அடையாளமாயிருந்தது. உழுது பிழைப்பவனுக்கு அத்தகைய குதியால் ஆவதென்ன? சேற்றில் நடவாதவன் என்பதற்கு அதுவே சான்று. உயரம் என்பது அங்குலக் கணக்கன்று, அந்தஸ்தின் கணக்கு என்பது இதனால் விளங்கும்.

நம் நாட்டிலோ இக்கணக்கு வேறு வகையாய்ப் போடப்பட்டது. அங்கே மேலோர் தம் குதியை உயர்த்தவில்லை. பிறர் காலிலிருந்த செருப்பைக் கழற்றினர்! தொடுதோல் என்னும் சொல் சங்க நூல்களிலேயே உண்டு. செருப்பு நமக்குப் புதிதன்று. ஆயினும் 1930 டிசம்பரில் இராமநாதபுரத்தில் ஆதிதிராவிடர்மீது ஆதிக்கச் சாதியார் எட்டுத் தடைகளை விதித்தனர். வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடித்தலாகாது, செருப்பணிதலாகாது என்பன அவற்றுள் அடங்கும். 1931ஆம் ஆண்டுக் குடிமதிப்பை நடத்திய ஹட்டன் என்பவர், சாதியைப் பற்றி 1946இல் வெளியிட்ட நூலில் இத்தடைகளை எடுத்துரைத்துள்ளார். காட்டிற்கேகிய அண்ணனுடைய பாதுகையைப் பதினான்கு ஆண்டுகள் அரியணையில் வைத்த கதையைக் கேட்டு உருகிய நாடு, உயிருள்ள ஏழையின் காலில் ஒரு தோற்செருப்பைப் பொறுக்கவில்லை.

வெள்ளையராட்சி இதனை மாற்றிற்றோ? அவ்வாட்சியும் தன் சன்னிதியில் இந்தியர் காலணியைக் கழற்ற வேண்டுமென்றே விதித்தது. மேனாட்டு உடையணிந்தார்க்கே விலக்களித்தது. 1862இல் சூரத் நகர நீதிமன்றத்தில் மானக்ஜி கவாஸ்ஜி எண்டி என்னும் பார்சி அலுவலர், நீதிபதியின் முன்னிலையில் காலணி கழற்ற மறுத்தார். அவரை உள்ளே விடவில்லை. அவர் கேட்டது உயரமன்று. தாம் நின்ற நிலையிலேயே நிற்கும் உரிமை.

இவ்விரு நாட்டு வழக்கங்களும் ஒருங்கு கூடிய இடமே மலாயாத் தோட்டம். செருப்பணியக் கூடாதென்று அங்கே ஒடுக்கப்பட்டவர்களுள் மிகப் பலர் கப்பலேறி இங்கு வந்தனர். வெறுங்காலோடு வந்தவர் வெறுங்காலோடே பால்மரக் காட்டிலும் இறங்கினர். அக்காட்டு ஈரமண்ணில் அவர்களுக்கு வேறொரு பகை காத்திருந்தது, அதுவே கொக்கிப்புழு. கெய்ரோவில் பணியாற்றிய ஆர்தர் லூஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர், புழுக்குஞ்சுகள் கலந்த நீர் தம் கையில் சிந்தியதைக் கொண்டு ஆராய்ந்து, அவை தோலைத் துளைத்தே உடலுட் புகுகின்றன என்பதை 1898இல் வெளியிட்டார். கழிப்பிடமில்லாத லயங்களைச் சுற்றிய மண்ணில் வெறுங்கால் வைத்தவர்க்கு இப்புழு தப்பாது. அது குடலைக் கவ்வி இரத்தத்தைக் குடிக்கும்; பெரியோரைச் சோகையால் வெளுக்கச் செய்யும்; பிள்ளைகளின் வளர்ச்சியைக் குறுக்கும். 1915 முதல் 1917 வரை, ராக்பெல்லர் அறநிலையம் அனுப்பிய சாமுவேல் டார்லிங் குழுவினர் மலாயாவிலும் ஜாவாவிலும் பிஜியிலும் தங்கி இந்நோயை ஆராய்ந்தனர். செருப்பில்லாமை மனிதனைக் குட்டையாக்கும் என்பது வெறும் உவமையன்று, மருத்துவ உண்மையே என்பதை வாசகர் ஓர்ந்து பார்ப்பாராக.

1937இல் பாட்டா நிறுவனம் கிள்ளானில் சப்பாத்துத் தொழிற்சாலை நிறுவியது. கித்தாப் பால் சப்பாத்தின் அடியாயிற்று. அப்பாலை விடியுமுன் வெட்டி வாளியிற் சேர்த்தவன் அடியோ மண்ணையே மிதித்தது.

நான்காண்டு கழித்து, 1941இல், அதே கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. தமிழ் நேசனில் பணியாற்றிய ஆர். எச். நாதன் அதன் தலைவர்களுள் ஒருவர். சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல் எனக் கேட்ட கோரிக்கைகளின் நடுவே ஒன்று விந்தையாய்த் தோன்றும். வெள்ளைத் துரைமார் முன்னும் ஆசிய உத்தியோகத்தர் முன்னும் சைக்கிளை விட்டு இறங்காமலே செல்லத் தொழிலாளியை அனுமதிக்க வேண்டும் என்பதே அது. சைக்கிள்மேல் அமர்ந்தவன் தலை, நடந்து வருவோன் தலைக்கு ஒப்பாகவோ மேலாகவோ நிற்குமன்றோ? அவ்வங்குலங்களையே அதிகாரம் பொறுக்கவில்லை. மே மாதத்தில் நாதன் கைதாகிப் பின் நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கி வெடித்தது, குறைந்தது ஐவர் மாண்டனர்.

அக்கோரிக்கையில் வரும் “ஆசிய உத்தியோகத்தர்” யார்? ஆங்கிலப் பள்ளியிற் பயின்று மேசைமுன் அமர்ந்த கிராணிமாரே. நம் மொழி பேசியவரும் அவருள் இருந்தனர். இதனை எழுதும் நாமும் அம்மரபினரே. துரையின் குதியைப் பழித்துவிட்டு நம் மேசையின் உயரத்தை மறைத்தல் நேர்மையாகாது.

நாம் வேலை பார்க்கும் தோட்டத்தில் இன்று கித்தா இல்லை, செம்பனையே நிற்கிறது. நம் மேசைமுன் வந்து நிற்போர் இன்று பெரும்பாலும் இந்தோனேசியரும் வங்கதேசத்தவருமே. ஆபீசுக்கு மூன்று படிகள். அவற்றின் கீழே அவர்கள் பூட்சைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏறி வருகின்றனர். உள்ளே சேறு படியும் என்பது காரணம், நியாயமான காரணமே. ஆயினும் அதே சேற்றை மிதித்துவந்த கிராணிகளாகிய நாம் சப்பாத்தோடே உள்ளே செல்கிறோம். பத்தாண்டாக நம் கண்ணிற் படாத இச்செய்தி, 1941ஆம் ஆண்டுக் கோரிக்கைகளைப் படித்த இரவிலேதான் நெஞ்சில் தைத்தது. மறுநாள் முதல் நாமும் படியின் கீழேயே கழற்றி வைக்கிறோம். தோழர் சிலர் சிரித்தனர். ஓரங்குலம் குறைந்தோம், குடி மூழ்கிவிடவில்லை.

ஆதலின், மணமகனாகப் போகும் தம்பி, விரும்பினால் அச்சப்பாத்தை வாங்கிக் கொள், அது குற்றமன்று. ஆனால் பிறரைக் குனியச் செய்து பெறும் உயரத்தை மட்டும் எக்கடையிலும் வாங்காதே. உன் முன்னோர் சைக்கிளினின்று இறங்க மறுத்தது, வேறொருவனை இறக்குவதற்காக அன்று.