யார் வைத்த வினை?

இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில் கிரேட் லின்ஃபோர்டு என்றொரு சிற்றூர். 1590 முதல் 1634இல் இறக்கும்வரை அங்கே ஆங்கிலிக்கன் குருவாக இருந்த ரிச்சர்ட் நேப்பியர் மருத்துவர், சோதிடர். ரஃபேல் என்னும் வானதூதரிடம் நோயாளிகளின் கதியைக் கேட்டறிந்தவரும்கூட.

நோயாளி கேள்வி கேட்ட நேரத்தைக் குறித்துக்கொண்டு, அந்நேரக் கோள்நிலைக்குக் கட்டம் போட்டுப் பார்ப்பார். பிரசன்னம் என்று நாம் சொல்வது இதைத்தான். பிறகு பேதிமருந்து, குருதி வடித்தல், சிலருக்குத் தாயத்து. கோள்கள் உடலின் நான்கு திரவங்களைப் பாதிக்கும் என்பது கற்றோரும் ஏற்ற கருத்து. இதை மூடநம்பிக்கை என்று நாம் ஒதுக்கினால், அக்கால மருத்துவத்தின் பெரும்பகுதியையும் சேர்த்தே ஒதுக்க வேண்டியிருக்கும்.

நேப்பியரும் அவருக்கு இக்கலையைக் கற்பித்த லண்டன் சோதிடர் சைமன் ஃபோர்மனும் விட்டுச்சென்ற குறிப்பேடுகளில் ஏறத்தாழ 80,000 ஆலோசனைகள் பதிவாகியுள்ளன. மனத்துயரோடு நேப்பியரிடம் வந்த சுமார் 2,000 பேரை மைக்கேல் மக்டொனால்டு ஆராய்ந்து 1981இல் நூலாக்கினார். காதல் முறிவு, மணவாழ்வின் கசப்பு, குழந்தையின் சாவு, கடன் என்று அவர்கள் சொன்ன காரணங்கள் நமக்கு அந்நியமானவையல்ல.

தமக்குச் செய்வினை வைக்கப்பட்டிருக்கிறது என்று அஞ்சி வந்தவர்களும் நூற்றுக்கணக்கில் உண்டு. வைத்தவர் என்று அவர்கள் ஐயுற்றது பெரும்பாலும் அறிமுகமான ஒருத்தியைத்தான். 1604ஆம் ஆண்டுச் சட்டப்படி, சூனியத்தால் ஒருவரது உடலுக்கு ஊறு விளைவித்தாலே, முதல் குற்றத்துக்கே மரணதண்டனை. தீய ஆவிகளை அழைப்பவருக்கும் அதே தண்டனை. வானதூதரோடு பேசிய குருவுக்கும் தூக்குக் கயிறு வெகுதொலைவில் இல்லை.

இரவலோ பிச்சையோ கேட்டு வந்தவளை வெறுங்கையோடு அனுப்பியவர், பின்னர் வீட்டில் நோய் வந்ததும் அவள் முணுமுணுப்பை நினைவுகூர்கிறார். மறுத்தவரின் குற்றவுணர்வே அவள்மீது குற்றச்சாட்டாக மாறுகிறது என்று கீத் தாமஸ் 1971இல் வாதிட்டார். நமக்கு இது பெரிதும் ஏற்புடையதே. ஆயினும் வாசலில் நின்று மறுக்கப்பட்டவர்களுள் ஆண்களும் இருந்திருக்க, தண்டிக்கப்பட்டவர்கள் மிகுதியும் பெண்களாக இருந்ததேன் என்பதை இவ்விளக்கம் முழுதாகத் தொடவில்லை.

சட்டம் 1736இல் நீக்கப்பட்டது. அதற்குப் பிறகும், ஹார்ட்ஃபோர்டுஷயரின் டிரிங் அருகே, ரூத் ஆஸ்போர்ன் என்ற ஏழை முதியவள் பால்பண்ணைக்காரர் ஒருவரிடம் மோர் கேட்டாள். அவர் மறுத்தார். பின்னர் அவரது கன்றுகள் நோயுற்றன. அவருக்கும் வலிப்பு கண்டது. 1751 ஏப்ரலில் ஒரு பெருங்கூட்டம் அவளையும் அவள் கணவரையும் இழுத்துச்சென்று குளத்தில் அமிழ்த்தியது. ரூத் அங்கேயே இறந்தாள். முன்னின்று செய்த தாமஸ் காலி அவ்வாண்டு ஆகஸ்டில் கொலைக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டார்.