குரலைக் கேட்டவரிடம் கேட்கப்படாத கேள்வி: செலண்டார் வட்டாரத் தோட்டங்களில் மனச்சிதைவை இனங்கண்ட வரலாறு

1896இல் தான் சாய் யான் என்ற வணிகர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் கன்றுகளை நட்டார். சில ஆண்டுகளில் புக்கிட் அசகான் பெருந்தோட்டமாயிற்று; ஜாசின் மாவட்டத்தில் செலண்டாரைச் சுற்றிய காடும் படிப்படியாகப் பால்மரக் காடானது. அதே 1896இல் ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரேப்பலின் தம் பாடநூலின் ஐந்தாம் பதிப்பில், இளம் வயதில் தொடங்கி மனத்தைச் சிதைத்துச் செல்லும் ஒரு நிலையைத் தனி நோயாக வகுத்தார். 1908இல் ஆய்கன் புளூலர் அதற்கு ஸ்கிசோஃப்ரீனியா என்று பெயர் சூட்டினார்; தமிழில் மனச்சிதைவு என்கிறோம். இரு நிகழ்வுகளுக்கும் தொடர்பில்லை. ஆனால் ரப்பருக்காகக் கப்பலேறிய தமிழர்களில் இந்நோய் கண்டவர்களை யார் இனங்கண்டார்கள், என்ன கேட்டு இனங்கண்டார்கள் என்று தேடும்போது இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது.

இந்நோயின் அறிகுறிகளில் ஒருவகை, இயல்பான மனத்தில் இல்லாத ஒன்று புதிதாக வந்து சேர்வது. ஆளில்லாமல் குரல் கேட்பது, எந்தச் சான்றுக்கும் அசையாத பொய் நம்பிக்கை, கோவையற்ற பேச்சு ஆகியவை அவை. மருத்துவம் இவற்றை நேர்மறை அறிகுறிகள் என்கிறது. பேச்சுக் குலைவு வெளியில் தெரியும். குரலும் நம்பிக்கையும் அவரவர் மனத்துக்குள் நடப்பவை; கேட்டால்தான் தெரியவரும். தோட்டத்தில் நெடுங்காலம் யாரும் கேட்கவில்லை என்பதே இக்கட்டுரை முன்வைக்கும் வாதம்.

விடியலுக்கு முன் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும்போது ஒருவன் வந்து நின்றால் அவன் நலமாக இருக்கிறான். வராவிட்டால் நோயாளி அல்லது சோம்பேறி. கங்காணிக்கும் கிராணிக்கும் இதற்கு மேல் ஓர் அளவுகோல் தேவைப்படவில்லை. தொழிலாளர் சட்டங்கள் தோட்ட மருத்துவமனையைக் கட்டாயமாக்கியபோதும் அரசின் கண்ணில் பட்டவை மலேரியாவும் வயிற்றுப்போக்கும்தான். மருத்துவ உதவியாளரான டிரஸரின் அலமாரியில் மலேரியாவுக்குக் கொய்னா இருந்தது. அவருக்கு அளிக்கப்பட்ட பயிற்சியில் மனம் இல்லை. நிரையில் பாலுக்காக மரம் வெட்டிக்கொண்டே கண்ணுக்குத் தெரியாத யாரிடமோ முணுமுணுத்தவன், பால் சரியாகக் கொண்டுவந்து ஊற்றும்வரை எந்தப் பதிவேட்டிலும் ஏறமாட்டான். வெட்டுக் கத்தியை ஓங்கிய பிறகுதான் ஏறுவான், அதுவும் போலீஸ் பதிவேட்டில்.

அங்கிருந்து அவன் போன இடம் ஆட்சி எல்லையைப் பொறுத்தது. மலாக்கா அன்று நீரிணைக் குடியேற்றப் பகுதிகளுள் ஒன்று. எனவே பழைய வழி சிங்கப்பூர் மனநோய் விடுதிக்குப் போயிற்று. 1911இல் பேராக்கில் தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனை எழுந்தது. 1930களில் ஜொகூரில் தம்போய் மருத்துவமனை வந்ததும் தெற்குப் பகுதிக்கு அதுவே போக்கிடமாயிற்று. இரண்டு ஊர்ப் பெயர்களும் பேச்சில் வசையாகிவிட்டன. தம்போய்க்கு அனுப்பிவிடுவார்கள் என்ற அச்சமே பல குடும்பங்களை வாய்மூட வைத்தது. ஒரு சிகிச்சை நிலையத்தின் பெயரைச் சொல்லி மிரட்டும் வழக்கம் நோயைவிடக் கூடுதலாகக் கெடுத்தது என்பேன்.

விடுதிக்குள் போனபின் கேட்டார்களா? சிங்கப்பூர் விடுதியின் கண்காணிப்பாளர் கில்மோர் எல்லிஸ் 1890களில் எழுதியவை அமோக், லாத்தா என்ற மலாய் நிலைகளைப் பற்றியவை. குடியேற்ற ஆட்சி மருத்துவர்களின் ஆர்வம் வியப்பூட்டுபவற்றின் பக்கமே சாய்ந்தது. கோலாலம்பூர் மனநோய் விடுதியில் 1905–06இல் வில்லியம் ஃபிளெட்சர் நடத்திய புகழ்பெற்ற ஆய்வு அரிசியைப் பற்றியது. ஒரு பகுதியினருக்குப் பச்சரிசி, மறு பகுதியினருக்குப் புழுங்கலரிசி கொடுத்து, எவருக்குப் பெரிபெரி வருகிறது என்று பார்த்தார். புழுங்கலரிசி உண்ட தமிழர்களை அந்நோய் தீண்டவில்லை என்பதை லெனார்ட் பிராடன் அதற்கு முன்பே கவனித்திருந்தார். உலக மருத்துவத்துக்கு அது பெரும் கொடை. பச்சரிசி உண்டவர்களில் பலர் அதற்காக உயிரைக் கொடுத்தார்கள். அவர்களுடைய மனத்துக்குள் என்ன நடந்தது என்பது அந்த ஆய்வின் கேள்வியாகவே இல்லை.

நீரிணைக்கு அப்பால் ஜாவாவின் பொய்த்தன்சோர்க் மருத்துவமனைக்கு 1904இல் கிரேப்பலினே வந்தார். தாம் ஐரோப்பாவில் வகுத்த நோய் அங்கும் இருப்பதைக் கண்டார். ஆனால் ஜாவா மக்களிடம் குரல் கேட்டல் குறைவு, பொய் நம்பிக்கைகளும் முழு உருப்பெறவில்லை என்று குறித்தார். நோயாளிகளின் மொழி பேசாத ஒருவர், அவர்கள் மனத்துக்குள் மட்டுமே ஒலிக்கும் குரலை அளந்து சொன்னதை நான் எச்சரிக்கையோடுதான் படிக்கிறேன்.

1913இல் கார்ல் யாஸ்பர்ஸ் ஒரு வேறுபாட்டை வரையறுத்தார்: அறிகுறியின் வடிவம் வேறு, அதன் பொருள் வேறு. தோட்டத் தமிழரின் வரலாற்றைப் படிக்க இதைவிடப் பயனுள்ள கருவி எனக்குக் கிடைக்கவில்லை. முன்பு முனி அடித்துவிட்டது, பங்காளி செய்வினை வைத்துவிட்டான் என்றார்கள். பிறகு வானொலிச் செய்தியில் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்றார்கள். இன்று கைப்பேசி வழியே வேவு பார்க்கிறார்கள், எதிர்வீட்டுக் கேமரா தன்னை நோக்கியே திருப்பப்பட்டிருக்கிறது என்கிறார்கள். பொருள் காலத்தோடு மாறிக்கொண்டே வந்திருக்கிறது. பொதுவான ஒன்றைத் தனக்கென்றே வந்த செய்தியாகக் கொள்ளும் வடிவம் மாறவில்லை.

கர்ட் ஷ்னைடர் 1930களின் இறுதியில் சில வடிவங்களை முதல்நிலை அறிகுறிகள் என்று பிரித்துக் காட்டினார். இரண்டு குரல்கள் தன்னைப் பற்றித் தமக்குள் பேசிக்கொள்வது, ஒரு குரல் தன் ஒவ்வொரு செயலையும் சொல்லிக்கொண்டே வருவது, பிறர் தன் தலைக்குள் நினைப்பைப் புகுத்துவது, தான் நினைப்பது ஊருக்கே கேட்பது, தன் கைகால்களை வேறொருவர் ஆட்டுவது ஆகியவை அவற்றுள் சில. அரை நூற்றாண்டு காலம் மருத்துவ மாணவர்கள் இப்பட்டியலை மனப்பாடம் செய்தார்கள். பின்னர் நடந்த மதிப்பீடுகள், இந்நோய் உள்ளவர்களில் கணிசமான பகுதியினரிடம் இவை தென்படுவதில்லை என்றும், வேறு மனநோய்களிலும் இவை வரும் என்றும் காட்டின. 2013இல் வந்த அமெரிக்க நோய்வகைப்பாட்டின் ஐந்தாம் பதிப்பு இவற்றுக்கு அளித்த தனிச் சலுகையை நீக்கியது.

தமிழரிடத்தில் இப்பட்டியலை அப்படியே வைத்துப் பார்ப்பது ஆபத்து என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தோட்டத்துக் காளியம்மன் திருவிழாவில் ஒருவர் மேல் அருள் வருகிறது. உடல் தன் வசத்தில் இல்லை. வாயில் வருவது அம்மன் வாக்கு. ஏட்டின்படி பார்த்தால் வேறொருவர் தன்னை ஆட்டுவிக்கும் அறிகுறி இது. ஆனால் அவருக்கு உடுக்கை ஒலித்தால் அருள் வரும், திருநீறு பூசினால் மலையேறும். ஊரே அதை எதிர்பார்த்து நிற்கிறது, வாக்குக்குப் பொருள் சொல்லப் பூசாரி இருக்கிறார், மறுநாள் காலை அவர் வேலைக்குப் போய்விடுகிறார். நோயுற்றவரின் குரல் உடுக்கைக்குக் காத்திருப்பதில்லை. நள்ளிரவிலும் வரும், சோற்றில் கை வைக்கும்போதும் வரும், திருநீற்றுக்கு அடங்காது. பூசாரியே ‘இது சாமி இல்லை’ என்று சொல்லிவிடுவதுண்டு. நானறிந்தவரை தோட்டத்தில் முதல் சரியான கணிப்பைச் சொன்னவர்கள் பல நேரங்களில் இவர்களே. அடுத்து எங்கே போக வேண்டும் என்று சொல்ல ஆளில்லாததால் குடும்பம் போமோ என்ற மலாய் மந்திரவாதியிடம் போயிற்று, மந்திரித்த கயிறு வாங்கிற்று, மாதங்கள் ஓடின. இது தமிழருக்கு மட்டும் உரியதன்று. கிளந்தானில் 134 மலாய் நோயாளிகளிடம் நடந்து 1996இல் வெளியான ஆய்வில் பாதிக்கு மேற்பட்டோர் தம் நோய்க்கு மனிதருக்கு மீறிய சக்திகளே காரணம் என்றனர்.

குரலின் தன்மை குறித்து நமக்கு நெருக்கமான சான்று சென்னையிலிருந்து வருகிறது. சாரதா மேனன் 1984இல் நிறுவிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்களோடு சேர்ந்து மானுடவியலாளர் தான்யா லூர்மன், சென்னை, கானாவின் அக்ரா, கலிஃபோர்னியாவின் சான் மட்டேயோ ஆகிய மூன்று இடங்களிலும் குரல் கேட்கும் நோயாளிகள் 20 பேர் வீதம் சந்தித்துப் பேசினார். 2015இல் வெளியான அவ்வாய்வின்படி, அமெரிக்கர்கள் கேட்டவை பெரிதும் வன்முறைக் கட்டளைகள். சென்னையிலோ பாதிக்கு மேற்பட்டோர் கேட்டவை உறவினர் குரல்கள்: குளி, சாப்பிடு, வீட்டு வேலையைப் பார் என்ற அதட்டல்கள். செலண்டாரில் ஒரு பையன் ‘அப்பத்தா கூப்பிடுது’ என்றால் வீட்டார் பதறமாட்டார்கள். இறந்தவர் வந்து பேசுவது நம் வீடுகளில் கேள்விப்படாததா? அந்தப் பதறாமைக்குள்தான் நோய் ஒளிந்துகொள்கிறது. 2003இல் தொடங்கிய மலேசிய மனநலப் பதிவேடு, முதல் அறிகுறிக்கும் முதல் சிகிச்சைக்கும் நடுவே சராசரியாக இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிடுவதைக் காட்டியது.

இதற்கிடையில் தோட்டமே கரைந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டத் துண்டாடல் வந்தது, குடும்பங்கள் பெக்கான் என்னும் சிறுநகருக்கும் ஆயர் குரோவின் தாமான் குடியிருப்புகளுக்கும் பெயர்ந்தன. லயத்தின் பலகைச் சுவருக்கு அப்பால் ஒருவன் இரவெல்லாம் தனியே பேசினால் அடுத்த வீட்டுக்காரிக்குத் தெரியும். மறுநாள் அவள் தாயிடம் கேட்பாள். மலிவுவிலை அடுக்குமாடியில் கதவு சாத்தியிருக்கிறது. மருத்துவம் ஒருவாறு பக்கத்தில் வந்த காலத்தில்தான் அக்கம்பக்கத்தின் கண் விலகிற்று.

மருத்துவம் பக்கத்தில் வந்தது உண்மை. 1990களின் பிற்பகுதியிலிருந்து அரசுச் சுகாதாரக் கிளினிக்குகள் மனநலத்தையும் கவனிக்கத் தொடங்கின. 1952ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டம் 2010இல் நடைமுறைக்கு வந்தது. செலண்டார்க்காரருக்கு இன்று மலாக்கா மருத்துவமனையிலேயே மனநல மருத்துவர் உண்டு. தம்போய் வரை போக வேண்டியதில்லை. ஆனால் அங்கே நடக்கும் பேச்சு பெரும்பாலும் மலாயில். வேலை, பணம், ஊர் பற்றியெல்லாம் சரளமாக மலாய் பேசும் ஒருவர், செத்துப்போன மாமன் தன்னைத் திட்டுவதை மலாயில் சொல்லத் தயங்குகிறார். கேட்பவர் ‘சுவாரா’ (குரல், ஒலி) கேட்கிறதா என்றால், அக்கம்பக்கத்துச் சத்தமா என்றெண்ணி ‘இல்லை’ என்கிறார். படிவத்தில் அந்தக் கட்டம் காலியாகிவிடுகிறது.

கேட்க வேண்டியவை சிலவே. ‘தம்பி, தனியா இருக்கறப்ப யாராவது பேசற மாதிரி காதுல விழுதா? தெரிஞ்ச குரலா? உங்ககிட்ட பேசுதா, உங்களப் பத்திப் பேசுதா? டிவியிலயோ ஃபோன்லயோ உங்களக் குறிப்பா சொல்ற மாதிரி இருக்கா? நீங்க நெனைக்கறது அடுத்தவங்களுக்குத் தெரிஞ்சுபோகுதா?’ இவற்றை டிரஸரின் வாரிசான இன்றைய கிளினிக் தாதியும் கேட்கலாம், கோயில் பூசாரியும் கேட்கலாம், அக்காவும் கேட்கலாம். ‘ஆமாம்’ என்ற பதில் மட்டுமே மனச்சிதைவை உறுதிசெய்யாது. போதைப்பொருள், காய்ச்சல், வலிப்பு, கடும் மனச்சோர்வு எதனாலும் குரல் கேட்கலாம், அதைப் பிரித்தறிவது மருத்துவர் வேலை. ஆனால் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் ‘ஆமாம்’ என்றால் கோயில் முறையோ கிளினிக் முறையோ பார்க்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும்: ‘அந்தக் குரல் உங்களையோ வேற யாரையோ ஏதாவது செய்யச் சொல்லுதா?’