செம்பனை ஆலைக் கழிவுநீரும் ஆய்வு மாணவர்களும்

செம்பனை ஆலைக்கு அருகில் வாழ்ந்தவர்களுக்கு அதன் கழிவுநீர்க் குளத்தின் வாடை தெரியும். அந்தக் கழிவுநீர் நஞ்சல்ல. ஆனால், அப்படியே ஆற்றில் கலந்தால் அதைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் நீரிலுள்ள பிராணவாயுவைத் தீர்த்துவிடும், மீன்கள் மடியும்.

ஒரு லிட்டர் கழிவுநீரைச் சிதைக்க ஏறக்குறைய 25,000 மில்லிகிராம் பிராணவாயு தேவை. ஆற்றில் விடுமுன் இதை 100 மில்லிகிராமுக்குக் குறைக்க வேண்டும் என்பது 1977ஆம் ஆண்டு விதிமுறைகளின் கீழ் படிப்படியாகக் கொண்டுவரப்பட்ட வரம்பு.

காற்றுப் புகாத குளங்களில் வாழும் வேறுவகை நுண்ணுயிர்களே இதில் பெரும்பங்கைச் செய்கின்றன. அப்போது எழும் மீத்தேன், திறந்துவிட்டால் புவியைச் சூடாக்கும். மூடிய கலனில் பிடித்தால் மின்சாரம் தரும்.

புத்ரா மலேசியா பல்கலைக்கழகம் போன்றவற்றில் முதுகலை, முனைவர் பட்ட மாணவர்கள் ஆராய்வது இதைத்தான்: எந்த பாக்டீரியா, எவ்வளவு வெப்பம், எத்தனை நாள். உயிரியல், வேதியியல், பொறியியல் படித்த தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் ஏற்ற துறை இது.