தயிரும் தேனும் தரவையும்

வன்னிக் காட்டில் பாலை மரம் பழுக்கும் காலம் வைகாசி, ஆனி மாதங்கள். பழம் மிகச் சிறிது, மஞ்சள் நிறம், உள்ளே ஒரு விதை. ஆயினும் அதன் இனிப்பை ஒருமுறை சுவைத்தவர் மறவார். அளவுக்கு மிஞ்சி உண்டால் அதன் பால் உதடுகளைப் பசைபோல் ஒட்டிவிடும். கரடிக்கும் இப்பழத்தில் பெருவிருப்பு உண்டு. ஆதலால் பழம் பொறுக்கப் போவோர் தனியே போவது அறிவுடைமையன்று.

இப்பழமும், காட்டுத் தேனும், எருமைத் தயிரும் ஓரிடத்தில் கூடும் ஊர்களுள் ஒன்று கொக்கிளாய். முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கோடியில், களப்பு கடலோடு கலக்கும் வாயிலின் வடகரையில் அவ்வூர் அமைந்துள்ளது. களப்பின் தென்கரையில் திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டை. பருவந்தோறும் வந்திறங்கும் நீர்ப்பறவைகளின் பொருட்டு இக்களப்பு 1951ஆம் ஆண்டிலே பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கொக்கிளாய் என்றதும் பலருக்கு நினைவில் எழுவன பறவைகளும் மீனும் இறாலுமே. அங்கே மாடு மேய்த்தவர்களைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

பழந்தமிழர் நிலத்தை ஐந்தாகப் பகுத்தனர். கொக்கிளாயில் நின்று நோக்கினால் அவற்றுள் மூன்று ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடப்பதைக் காணலாம். முன்னே நெய்தல், பக்கத்தே கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி வயல்களாகிய மருதம், அப்பால் முல்லைக் காடு. ஒரு சொல்லே இம்மூன்றின் நெருக்கத்தைக் காட்டப் போதும். கடலில் பிடிபடுவதும் இறால். காட்டு மரத்திலே தொங்கும் தேன்கூட்டுக்கும் நம் முன்னோர் இட்ட பெயர் இறால். இரண்டும் ஒரே ஊரின் அடுக்களைக்கு வந்து சேர்வது எல்லா ஊருக்கும் வாய்க்கும் பேறன்று.

முல்லை நிலத்து மக்களின் செல்வம் பாலும் அதன் பயனுமே. உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் ஓர் ஆய்மகள் வருகிறாள். வைகறையில் தயிர் கடைந்து, மோர்ப்பானையைத் தலையிற் சுமந்து சென்று, மோருக்கு மாறாக நெல் பெற்றுச் சுற்றத்தை உண்பிக்கிறாள். நெய்யை விற்றபோது பொன் தரப்படுகிறது. அதனை அவள் கொள்ளவில்லை. பொன்னுக்குப் பதிலாக எருமையும் பசுவும் எருமைக் கன்றும் கேட்டுப் பெறுகிறாள். பொன் ஈனாது, எருமை ஈனும் என்பது அவள் கணக்கு. அக்கணக்கைப் பிழையென்று சொல்ல எந்தப் பொருளியலாராலும் இயலாது.

சிலப்பதிகாரத்திலும் இதே மக்களைச் சந்திக்கிறோம். மதுரைப் புறஞ்சேரியில் ஆயர் முதுமகள் மாதரி கண்ணகிக்கு அடைக்கலம் தந்தாள். கண்ணகி தன் கையாற் சமைப்பதற்கென ஆயர் வீட்டார் கொண்டுவந்து கொடுத்தவற்றுள் மாங்கனியும் வாழைக்கனியும் சாலி அரிசியும் இருந்தன. அவற்றோடு தம் பட்டியின் பாற்பயனும் இருந்தது. கோவலன் உண்ட கடைசி உணவு அதுவே.

அந்தக் கண்ணகிக்கு வன்னியிலே பெருங்கோயில் எழுந்த இடம் முல்லைத்தீவுக்கு அண்மையிலுள்ள வற்றாப்பளை. நந்திக்கடற் கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர்களிடம் அம்மன் ஒரு மூதாட்டியாக வந்தாள் என்பது தலக்கதை. எண்ணெய் இல்லையென்று அவர்கள் தயங்க, கடல்நீரை வார்த்து விளக்கேற்றச் சொன்னாளாம். இன்றும் வைகாசிப் பொங்கலில் உப்புநீர் விளக்கு எரிகிறது. மதுரைக் காப்பியத்தில் இடையர் வீட்டில் தங்கியவள், ஈழத்துக் கதையிலும் இடைச் சிறுவரிடமே வருகிறாள். கதை கதையாகவே இருக்கட்டும். கதை கட்டிய மக்கள் யாராக இருந்தனர் என்பது இதனால் விளங்கும். அப்பொங்கலின் காலமும் பாலைப்பழத்தின் காலமும் ஒன்றே.

வன்னியில் எருமை வளர்ப்பு வயலோடு இணைந்தே நடந்தது. ஐப்பசி மழையோடு காலபோக விதைப்புத் தொடங்கும். அப்போது பட்டிகளை வயலிலிருந்து விலக்கிக் காட்டோரத்துக்கும் தரவைக்கும் ஓட்டிச் செல்வர். தரவை என்பது மரமடர்ந்த காடுமன்று, உழுத வயலுமன்று. புல் வளர்ந்த திறந்த வெளி. ஊருக்குப் பொதுவானது. அறுவடை முடிந்தபின் பட்டிகள் மீண்டும் அரிதாள் மேய வயலுக்கு வரும். சேற்றை மிதித்துப் பதமாக்குவதும், களத்திலே சூடு மிதிப்பதும் எருமையின் வேலைகள். பட்டிக்குப் பட்டி வேறுபட்ட குறி சுட்டிருப்பதால் காட்டில் நின்றாலும் உடையவன் இன்னான் எனத் தெரியும். கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னர் உழவு இயந்திரம் வந்து எருமையின் வேலையைப் பறித்தது. எஞ்சியது பால் ஒன்றே.

எருமைப் பாலின் கொழுப்பு ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு, எட்டுப் பங்கு. பசுப்பாலில் நான்கு அளவே. அதனாலேயே எருமைத் தயிர் வெட்டி எடுக்கும் பதத்தில் உறைகிறது. மட்சட்டிக்கும் இதில் பங்குண்டு. சுட்ட மண்ணின் நுண்துளைகள் தயிரின் நீரை மெல்ல உறிஞ்சிக்கொள்கின்றன. அந்நீர் வெளிப்புறத்தில் ஆவியாகும்போது சட்டியும் குளிர்ந்திருக்கிறது. அதே பாலைக் கண்ணாடிப் பாத்திரத்தில் உறைய வைத்தால் இத்தனை இறுக்கம் வாராது. இத்தயிரிலே தேன் விட்டு விருந்தினருக்கு அளிப்பது வன்னியார் பண்பு.

இனி, கடல்கடந்த ஒரு நாட்டுக்குச் செல்வோம். ஸ்கொட்லாந்து நமக்கு முற்றிலும் அயலானதன்று. 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலையை வாணிபப் பயிராக நட்ட ஜேம்ஸ் டெயிலர் அந்நாட்டவரே. மலைநாட்டுத் தோட்டங்கள் பலவற்றின் பெயர்களில் இன்றும் அந்நாட்டு ஊர்கள் வாழ்கின்றன. ஆனால் தோட்டத் துரைமாரைப் பற்றியன்று இங்குப் பேச்சு. அவர்கள் நாட்டு இடையரைப் பற்றியே.

அங்கே கிரானகன் என்றொரு இனிப்பு உண்டு. கேலிக் மொழியில் அச்சொல் பால் கடையும் கலத்தைக் குறிக்கும். வறுத்த ஓட்ஸ், கடைந்த பாலாடை, தேன், ராஸ்பரிப் பழம் ஆகியவற்றை அடுக்கடுக்காக இட்டு, சிறிது விஸ்கியும் சேர்ப்பர். இன்று அது உணவகங்களில் உயரமான கண்ணாடிக் குவளையில் வருகிறது. முன்னாளில் அவ்வாறில்லை. ஒவ்வொரு பொருளும் தனித்தனிக் கிண்ணத்தில் மேசைக்கு வரும். அவரவர் விருப்பப்படி கலந்துகொள்வர். அதற்கும் முன்னர் பாலாடையின் இடத்தில் இருந்தது குரௌடி எனப்படும் ஒருவகைப் பாற்கட்டி. அடுப்பருகே வைத்துப் புளிக்கவிட்ட பாலை இளஞ்சூடாக்கித் துணியில் வடித்தெடுப்பது அது; ஏழைக் குடியானவரின் உணவு. கோதுமைக்கு ஒவ்வாத குளிரும் ஈரமும் உள்ள நிலத்தில் ஓட்ஸ் விளைந்தது. காட்டில் ராஸ்பரி பழுத்தது. விஸ்கியை நீக்கிவிட்டுப் பார்த்தால் தயிரும் தேனும் தினையும் பாலைப்பழமும் வேறு பெயரில் நிற்பது தெரியும்.

ஒற்றுமை கிண்ணத்தோடு முடியவில்லை. அந்நாட்டின் வடபகுதி மலைகளிலும் கோடையானதும் பெண்களும் சிறுவர்களும் மாடுகளை ஓட்டிக்கொண்டு மேட்டுப் புல்வெளிக்குச் செல்வர். அங்கே குடில் அமைத்துத் தங்கி வெண்ணெயும் பாற்கட்டியும் செய்வர். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கிப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி கடந்தும், நிலப்பிரபுக்கள் அக்குடியானவரை வெளியேற்றினர். ஆட்டுப் பண்ணைகள் கூடுதல் வருவாய் தந்தன என்பதே காரணம். சதர்லாந்துப் பகுதியில், திரும்பி வாராதபடி வீட்டுக் கூரை மரங்களுக்கே தீயிட்டனர். வெளியேறியோரிற் பலர் கடற்கரைக்குத் தள்ளப்பட்டு, அறியாத மீன்பிடித் தொழிலைக் கற்க வேண்டியதாயிற்று. பலர் கனடாவுக்குக் கப்பலேறினர். மேட்டுப் புல்வெளிக் குடில்கள் கற்குவியல்களாயின.

1882ஆம் ஆண்டில் ஸ்கை தீவின் பிரேஸ் என்னும் இடத்து மக்கள், தங்கள் முன்னோர் மாடு மேய்த்த பென் லீ மலையின் மேய்ச்சல் உரிமைக்காகப் பொலிசாரை எதிர்த்து நின்றனர். பெண்களே முன்னணியில் நின்று கல்லெறிந்தனர். அடுத்த ஆண்டிலே அரசாங்கம் ஒரு விசாரணை ஆணைக்குழுவை அமைத்தது. அதன் தலைவரின் பெயர் தமிழருக்குப் பழக்கமானது. 1866 முதல் 1872 வரை சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபுவே அவர். கூவம் கடலோடு கலக்குமிடத்தில் அவர் காலத்திலே கட்டப்பட்ட பாலம் இன்றும் நேப்பியர் பாலம் என்றே வழங்குகிறது. ஆணைக்குழு ஊரூராகச் சென்று குடியானவரின் வாய்மொழியைக் கேட்டது. 1886இல் பிறந்த சட்டம், நிலத்திலிருந்து அவர்களை நினைத்தபடி வெளியேற்ற முடியாதென்றும், குத்தகை நியாயமாக இருத்தல் வேண்டுமென்றும் விதித்தது. ஆனால் முன்னரே இழந்த நிலத்தை அச்சட்டம் மீட்டுத் தரவில்லை. சட்டம் வந்தபோது பல பள்ளத்தாக்குகளில் அதனைப் பயன்படுத்த ஆளில்லை.

கொக்கிளாயின் கதை நம் காலத்தது. 1984ஆம் ஆண்டின் இறுதியில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி முதலிய ஊர்களின் தமிழ் மக்கள் வெளியேற்றப்பட்டனர். கைக்குழந்தையையும் முதியோரையும் அழைத்துக்கொண்டு புறப்படுவோர்க்கு எருமைப் பட்டியை உடன் ஓட்டிச் செல்லுதல் இயலுமோ? பட்டிகள் காட்டோடு போயின. ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் அவர்கள் வேற்றூர்களில் வாழ்ந்தனர். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையைச் சிதைத்தது. 2009இல் போர் அம்மாவட்டத்திலேயே முடிவுற்றது. அதன் பின்னரே கொக்கிளாய் மக்கள் ஊர் திரும்பினர். போனபோது தாயின் கையைப் பிடித்துச் சென்ற பிள்ளை, திரும்பும்போது தன் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தது.

இடைப்பட்ட காலத்தில் நிலத்தின் வரைபடம் மாறியிருந்தது. 1988இல் மணலாற்றுப் பகுதி வெலிஓயா எனப் பெயர்பெற்று, மகாவலித் திட்டத்தின் எல் வலயமாயிற்று. தாம் முன்பு பயிரிட்ட வயலும் மேய்ச்சல் நிலமும் பிறர் கைக்குச் சென்றுவிட்டன என்பது திரும்பி வந்தோரின் முறைப்பாடு. வயலுக்காவது அனுமதிப்பத்திரம் காட்டலாம். தரவைக்கு எவரிடம் பத்திரம் உண்டு? பாட்டன் மேய்த்தான், தந்தை மேய்த்தான் என்ற சொல் ஒன்றே சான்று. பென் லீ மலையடி மக்கள் நேப்பியர் பிரபுவின் ஆணைக்குழுவினர் முன் சொன்னதும் இதுவே. பொதுவாக இருந்தது என்பதாலேயே எளிதில் பறிபோவது மேய்ச்சல் நிலம். அது போயின் எருமையில்லை. எருமை போயின் தயிரில்லை. ஓர் ஊரின் உணவை அடுக்களையில் மட்டும் தேடுவோர்க்கு இது புலப்படாது.

இவ்வின்சுவையை வீட்டிற் செய்ய விரும்புவோர்க்கு முறை எளிது. ஒரு லீற்றர் எருமைப் பாலை நன்கு காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, ஒரு கரண்டி பழந்தயிரை உறையாக இட்டு மட்சட்டியில் இரவு முழுதும் அசையாமல் வைக்க வேண்டும். மறுநாள் அத்தயிரைத் துணியிற் கட்டி இரண்டு மணி நேரம் தொங்கவிட்டால் நீர் வடிந்து வெண்ணெய்ப் பதம் பெறும். தினை அரிசி கால் சுண்டு எடுத்து, தாச்சியில் எண்ணெயின்றி வாசனை எழும்வரை வறுத்து, கொரகொரப்பாக இடித்துக்கொள்ள வேண்டும். தினை கிடையாதவிடத்துச் சாமை தகும். பாலைப்பழத்தின் விதையை நீக்கிச் சதையை எடுத்துக்கொள்க. அப்பழம் கிடைக்கும் காலம் குறுகியது. மற்றைய நாளில் கறுத்தக்கொழும்பான் மாம்பழமோ கதலி வாழைப்பழமோ போதும்.

கிண்ணத்தின் அடியில் தயிர், அதன்மேல் பழம், பின் தேன், மீண்டும் தயிர் என இட்டு வருக. தேனைச் சூடாக்குதல் கூடாது, மணம் போய்விடும். சீனி சேர்ப்பது தேனுக்கு அவமதிப்பு. வறுத்த தினையை உண்ணுமுன் மட்டுமே தூவ வேண்டும். முன்னரே தூவினால் ஊறி மெத்தென்றாகிவிடும். அல்லது பழைய ஸ்கொட்லாந்து வழக்கம்போல நான்கையும் நான்கு கிண்ணங்களில் நடுவில் வைத்துவிடலாம். பிள்ளைகள் தேன் கிண்ணத்தை முதலில் இழுத்துக்கொள்வார்கள். தயிர்ச் சட்டியைப் பெரியவர் ஒருவர் தம் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.